செவலை தின்ற போஸ்டர்

நாகம்மாள் கல்யாணமாகிச் செஞ்சிக்கு வந்தபோது அவள் புருஷன் தங்கராசுவிடம் இருந்த சொத்து ஒரு பசை வாளியும் தேங்காய் நார் மட்டையும்தான். அவன் ஊருக்கு வெளியே கூடாரம் போட்டிருந்த டூரிங் டாக்கீஸில் போஸ்டர் ஒட்டுகிறவன். வெள்ளிக்கிழமை படம் மாறும். அன்று விடிந்ததும் பஜார் சுவர்களிலும் பஸ் நிற்கிற இடத்திலும் புதுப் போஸ்டர் பளபளக்க வேண்டும். மற்ற நாட்களில் கிடைத்த கூலிக்குப் போவான்.

நாகம்மாள் மண்டகப்பட்டுப் பக்கத்தில் பிறந்தவள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார அவளுக்கு வராது. செஞ்சிக் கோட்டை மலைகளில் ஒன்றான கிருஷ்ணகிரியின் அடியில் மளிகைக்கடை கனகராஜுக்குச் சொந்தமான ஒரு துண்டுக் கொல்லை சும்மா கிடந்தது. சரளை மண். கம்பு விதைத்தவர்களும் கடலை போட்டவர்களும் சலித்துப்போய் விட்டுவிட்ட நிலம். ஒருநாள் கடைக்கு உப்பு வாங்கப் போனவள் வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"மொதலாளி, மலையடிக் கொல்லை சும்மாதான கெடக்குது. நான் குச்சி நட்டுக்கட்டுமா?"

கனகராஜ் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நட்டுக்கயேன். அங்க இன்னா வெளையப் போவுது."

அடுத்த வாரமே அவள் பிறந்த ஊருக்குப் போய், ஒரு கட்டு மரவள்ளிக் குச்சியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். எங்கள் பக்கத்தில் அதற்குக் குச்சிக் கிழங்கு என்றுதான் பேர். விதை கிடையாது, நாற்றும் கிடையாது. முற்றிய தண்டைச் சாண் நீளத்துக்கு வெட்டி, கணு மேலே பார்க்க, ஈரமுள்ள மண்ணில் செருகினால் போதும். கணுவிலிருந்து துளிர் வரும். விரலை விரித்த மாதிரி இலை விடும். செடி ஆளுயரத்துக்கு வளர்ந்தாலும் மண்ணுக்குள்ளே என்ன நடக்கிறது என்பது பிடுங்குகிற நாள்வரை தெரியாது. மழை தவறினால் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். அடுத்த மழைக்கு மறுபடியும் துளிர்க்கும். அந்தச் சரளை மண்ணுக்கு அப்படிப்பட்ட பயிர்தான் சரிப்பட்டது.

முதல் வருஷம் பிடுங்கியபோது ஒவ்வொரு செடியின் அடியிலும் கை மொத்தத்தில் கிழங்குகள் இருந்தன. நாகம்மாள் அவற்றைத் தோலுரித்து, மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, கூடையில் வாழை இலை விரித்துப் பஸ் நிற்கிற இடத்தில் விற்றாள். அமாவாசை வந்தால் ஸ்பெஷல் பஸ் பிடித்து மேல்மலையனூர் போவாள். அங்காளம்மன் கோயில் கூட்டத்தில் கூடை காலியாவதற்கு அதிக நேரம் ஆகாது. கனகராஜ் பங்கு என்று எதையும் கேட்கவில்லை. கிழங்கு பிடுங்கும்போது அவர் வீட்டுக்குக் கொஞ்சம் கொண்டுபோய்ப் புழக்கடையில் வைத்துவிட்டு வருவாள், அவ்வளவுதான்.

அந்தக் கொல்லையின் ஓரத்தில் வரிசையாகச் சில மரங்கள் நின்றன. இலை மரவள்ளி இலை மாதிரியேதான் இருக்கும், ஆனால் அகலம் அதிகம். உயரமோ ஓட்டு வீட்டைத் தாண்டும். பட்டையைக் கீறினால் வெள்ளைப் பால் வடிந்து ரப்பராக இறுகும். வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ ஒரு துரை ரப்பர் எடுக்கலாம் என்று கொண்டுவந்து வைத்ததாகவும், பால் போதவில்லை என்று விட்டுவிட்டுப் போனதாகவும் பேசிக்கொள்வார்கள். காட்டு மரவள்ளி என்று பேர். நிழலும் வேலியுமாக இருக்கட்டும் என்று நாகம்மாள் அவற்றை வெட்டாமல் விட்டிருந்தாள்.

அறுபத்துநாலு கடைசியில் ஊரில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. ரேஷன் கடை வாசலில் வரிசை நீண்டது. மைதாவும் கிடைக்கவில்லை. தங்கராசு அதுவரை மைதாவைக் காய்ச்சித்தான் பசை செய்துகொண்டிருந்தான். டாக்கீஸ் மேனேஜர் இராமச்சந்திரன் கையை விரித்துவிட்டார்.

"ரொட்டி சுடவே மைதா இல்லயாம்யா. செவுத்துல தடவ எங்கேருந்து குடுப்பாங்க? நீயே ஏதாவது பாத்துக்க."

தங்கராசு வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தான். நாகம்மாள் அப்போது கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கின கையைக் கழுவாமல் விட்டால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது அவளுக்குத் தினம் பழகிய விஷயம்.

"இதுல காச்சிப் பாத்தா இன்னா?" என்றாள்.

ஒரு டின் தகட்டில் ஆணியால் நெருக்கமாக ஓட்டை போட்டு, கரடுமுரடான பக்கத்தில் கிழங்கைத் தேய்த்தாள். வந்த துருவலைத் தண்ணீரில் கரைத்துப் பழைய வேட்டித் துணியில் பிழிந்தாள். பால் மாதிரி ஓடிய தண்ணீரைக் குண்டானில் அசையாமல் வைத்தாள். காலையில் பார்த்தால் தண்ணீர் மேலே தெளிந்திருந்தது, அடியில் வெள்ளை மாவு தட்டையாகப் படிந்து கிடந்தது. தெளிந்ததை வடித்துவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மறுபடியும் தெளிய விட்டாள். அந்த மாவை வெந்நீரில் கொட்டிக் கிண்டியபோது கண்ணாடி மாதிரிப் பசை திரண்டது. புளித்த நாற்றம் இல்லை, கட்டி இல்லை.

தங்கராசு ஒட்டிய போஸ்டர் அடுத்த வெள்ளிவரை ஓரம்கூடப் பிரியவில்லை. பழசைக் கிழிக்கப் போனால் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. மேனேஜருக்கு ரொம்பத் திருப்தி.

ஆனால் அந்தப் பசை மாடுகளுக்கும் பிடித்துவிட்டது. மழை பொய்த்துப் புல் கருகிக் கிடந்த வருஷம் அது. தெருவில் மேய்கிற மாடுகள் சுவரை நக்க ஆரம்பித்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது கனகராஜ் வீட்டுச் செவலைப் பசு. காலையில் பால் கறந்து அவிழ்த்து விட்டதும் அது நேராகப் பஜாருக்கு வரும். போஸ்டரின் கீழ்முனையை நாக்கால் நனைக்கும், பல்லில் பிடித்து இழுக்கும், நின்ற இடத்திலேயே தின்று முடிக்கும். மதியத்துக்குள் கதாநாயகனுக்குக் கால் இருக்காது, கதாநாயகிக்கு இடுப்புக்குக் கீழே சுவர்தான்.

"ஜனங்க படம் பாக்க வர்றதுக்கு மின்ன மாடு பாத்துட்டுப் போவுது," என்று மேனேஜர் தங்கராசுவைக் கூப்பிட்டுச் சொன்னார். "இப்பிடியே போனா வேற ஆளத்தான் பாக்கணும் தங்கராசு. கோச்சிக்காத."

அந்தச் சமயத்தில் கொல்லையில் ஒரு புதுச் செடி நின்றுகொண்டிருந்தது. யாரும் நடாத செடி. காட்டு மரவள்ளி வரிசைக்குப் பக்கத்தில் தானாக முளைத்தது. வெயிலில் காய் வெடித்து விதை சிதறுவதை நாகம்மாள் பார்த்திருக்கிறாள். குச்சிச் செடியின் பூவுக்கும் மரத்தின் பூவுக்கும் ஒரே தேனீதான் போய்வருகிறது என்பதையும் பார்த்திருக்கிறாள். அப்படி விழுந்த ஏதோ ஒரு விதை முளைத்திருக்கும் என்று விட்டுவிட்டாள். அது மற்றச் செடிகளைவிட உயரமாக, தண்டு தடித்து வளர்ந்தது. பிடுங்கிப் பார்த்தபோது தங்கராசு வாயைப் பிளந்தான். கிழங்குகள் தொடை மொத்தம் இருந்தன.

"இத்த மட்டும் நட்டா போதும் போலருக்குதே நாகு."

அன்றைக்கே ஒன்றை வேகவைத்தார்கள். நாகம்மாள் ஒரு துண்டை வாயில் போட்டுக் கடித்தவள் உடனே துப்பினாள். கசப்பு நாக்கின் அடிவரை இறங்கியது. அவள் சொல்வதற்குள் தங்கராசு ஒரு துண்டை விழுங்கிவிட்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அவனுக்குத் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். நாகம்மாள் அவனைத் தூக்கி உட்காரவைத்து, முகத்தைக் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டி தேடினாள். வண்டி வருவதற்குள் அவனுக்குத் தெளிந்துவிட்டது.

"பொழச்சிட்டேன் வுடு," என்றான் அவன். "எனக்குக் கெழங்கே வேணாம் சாமி."

குச்சி நட்டு வரும் செடி தாயைப் போலவே இருக்கும். விதையில் வரும் செடி யாரைப் போல இருக்கும் என்று சொல்ல முடியாது. நாகம்மாள் அதை அன்றுதான் உணர்ந்தாள். அந்தச் செடியின் தண்டை அடுப்பில் வைக்கலாம் என்று எடுத்தவள், அடுப்படிக்குப் போகாமல் நின்றாள். இவ்வளவு கசப்பாக இருந்தால் மாடு தின்னாதல்லவா? மீதிக் கிழங்கைப் பசையாக்கினால் போஸ்டர் தப்பிக்கும்.

மறுநாள் வழக்கம்போலத் துருவினாள், பிழிந்தாள், தெளிய வைத்தாள், வடித்தாள். மாவு எப்போதும் வருவதைவிட அதிகமாகவும் வெளுப்பாகவும் வந்தது. வடித்த தண்ணீரை வீட்டின் பின்னால் வேலியோரம் ஊற்றினாள். அங்கே இருந்த புல்பூண்டுகள் அடுத்த நாள் வாடிக் கிடந்ததை அவள் கவனித்தாள். வெள்ளிக்கிழமை விடியற்காலை தங்கராசு அந்தப் பசையைத்தான் எடுத்துக்கொண்டு போனான்.

அவன் போன பிறகு நாகம்மாளுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. ஒரு துண்டு தின்ற ஆளே சுருண்டு விழுந்தானே. மாடு கசப்பைப் பொருட்படுத்தாமல் தின்றுவிட்டால்? கறவை மாடு. கன்று வேறு இருக்கிறது. வேகவைத்துக்கொண்டிருந்த கிழங்கை இறக்கி வைத்துவிட்டுப் பஜாருக்கு ஓடினாள். பெரிய போஸ்டர் ஒட்டியிருந்த சுவருக்கு முன்னால் ஒரு குச்சியோடு உட்கார்ந்தாள். மாடு வந்தால் விரட்டினாள், ஆடு வந்தால் விரட்டினாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் இவளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள்.

கோயிலுக்குப் போய்விட்டு அந்த வழியாக வந்தாள் கனகராஜின் மனைவி ஞானம்பாள்.

"இன்னா நாகம்மா, கெழங்குக் கூடையக் காணோம், செவுத்துக்குக் காவல் இருக்கற?"

நாகம்மாள் எழுந்து நின்றாள். மறைக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்த வீட்டுக் கொல்லையில்தானே பிழைக்கிறோம் என்று நினைத்தாள்.

"அம்மா, இன்னிக்குக் கசப்புக் கெழங்குல பசை காச்சிட்டேன். மாடு திங்காம இருக்கட்டும்னு. இப்ப தின்னுட்டா இன்னா ஆவுமோன்னு பயமா இருக்குது. உங்க செவலைய இன்னிக்குக் கட்டி வெச்சிடுங்கம்மா."

ஞானம்பாளின் முகம் மாறியது. "காலையிலயே அவுத்து வுட்டாச்சேடி."

இருவரும் அதைத் தேடிப் புறப்பட்டார்கள். பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் இருந்த குட்டைச் சுவரின் நிழலில் செவலை படுத்திருந்தது. சுவரில் போஸ்டர் இல்லை. மேல் விளிம்பில் ஒரு ஓரம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பசுவின் மூக்கில் நீலமும் சிவப்புமாகச் சாயம்.

இருவரும் மாட்டை மெதுவாக எழுப்பி ஓட்டிக்கொண்டு ஞானம்பாள் வீட்டுக்குப் போனார்கள். மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் வீராசாமியை ஆள் விட்டு அழைத்தார்கள். அவர் கண்ணிமையை விரித்துப் பார்த்தார், வயிற்றில் கைவைத்துப் பார்த்தார்.

"இப்ப ஒண்ணும் தெரியல. மூச்சு வாங்குனா, நொர தள்ளுனா, ஒடனே சொல்லி அனுப்புங்க. கிட்டவே இருந்து பாத்துக்கணும்."

ஞானம்பாள் மாட்டுக் கொட்டகையில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தாள். நாகம்மாள் எதிரில் கட்டுத்தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தப் புழக்கடையில் கிழங்கை வைத்துவிட்டு உடனே திரும்புவதுதான் பழக்கம். அங்கே அவள் உட்கார்ந்தது அன்றுதான்.

முதலில் இருவரும் மாட்டை மட்டுமே பார்த்தார்கள். மாடு அசை போட்டது. காதை ஆட்டி ஈ விரட்டியது. வெயில் ஏறியது. கனகராஜ் கடையிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாச்சி?" என்றார். "ஒண்ணும் ஆவல, நீங்க போங்க," என்றாள் ஞானம்பாள். பசியெடுக்கிற நேரத்தில் அவளே உள்ளே போய் மோர்சாதம் கலந்து கொண்டுவந்து, ஒரு வாழை இலையில் நாகம்மாளுக்கு வைத்தாள்.

"சாப்புடு. நீ பட்டினி கெடந்தா மாடு பொழச்சிக்குமா?"

சாப்பிடும்போதுதான் ஞானம்பாளின் கண் நாகம்மாளின் புடவையில் பட்டது. முந்தானையின் ஒரு பகுதி மடிப்புக் கலையாமல் அட்டை மாதிரி நின்றுகொண்டிருந்தது.

"இன்னாடி இது, நூல் புடவை இப்பிடி வெறச்சி நிக்குது?"

"பசைத் தண்ணி பட்டுடுச்சிம்மா. காஞ்சா இப்பிடித்தான் நிக்கும். தொவச்சா போயிடும்."

ஞானம்பாள் முந்தானையை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். கறை இல்லை, பிசுபிசுப்பு இல்லை. "எங்க வூட்ல சாதம் வடிச்ச கஞ்சியிலதான் வேட்டிக்குக் கஞ்சி போடுவோம். இப்ப அரிசிக்கே ததிங்கிணத்தோம். அவர் வேட்டி எல்லாம் தொவண்டு போய்க் கெடக்குது. இந்த மாவு எனக்குக் கொஞ்சம் குடேன்."

"நாளைக்கே கொண்டாரம்மா. மாடு நல்லபடியா இருந்தா."

மாடு நல்லபடியாகத்தான் இருந்தது. சாயங்காலம் கன்றை அவிழ்த்துவிட்டபோது முட்டிக் குடித்தது. கறந்த பால் தினம் கறக்கிற அளவே இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அன்றைய பாலைக் கீழே ஊற்றிவிட்டார்கள். வீராசாமி மறுபடியும் வந்து பார்த்துவிட்டு, "மாட்டுக்கு ஒண்ணுமில்ல, நீங்கதான் வாடிப் போயிருக்கீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு நடக்கும்போது நாகம்மாள் யோசித்தாள். வேலியோரம் வாடிய பூண்டுகள் நினைவுக்கு வந்தன. விஷம் முழுக்கத் துருவிப் பிழிந்த தண்ணீரோடு போய்விடுகிறது. அடியில் படிகிற மாவில் கசப்பே இல்லை. வீட்டில் மிச்சமிருந்த பசையைத் தொட்டு நாக்கின் நுனியில் வைத்துப் பார்த்தாள். ஒரு ருசியும் இல்லை. மாட்டை விரட்டுவதற்காகச் செய்த பசை மாட்டுக்கு முன்பைவிட நல்ல தீனியாக ஆகியிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கராசுவிடம் சொன்னபோது அவனும் சிரித்தான், ஆனால் கொஞ்சம்தான். அவன் வேலை போகிற நிலையில் இருந்ததே.

மறுநாள் மாவைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அதற்கு ஞானம்பாள்தான் வழி சொன்னாள்.

"ஏண்டி, மாட்டுக்கு எட்டாத உசரத்துல ஒட்டச் சொல்றதுதான?"

"அவரு ஏணி ஏற மாட்டாரும்மா. காலு ஒதறும். சின்ன வயசுல மலைமேல ஏறி, எறங்க முடியாம ரெண்டு பேரு பிடிச்சி எறக்குனாங்களாம்."

"நீ ஏறுவியா?"

நாகம்மாள் அன்று மதியம் கனகராஜ் கடையின் பரண் ஏணியைக் கேட்டு வாங்கி, கடைச் சுவரிலேயே சாத்தி ஏறிப் பார்த்தாள். கால் உதறவில்லை. மேலே நின்றால் ராஜகிரி மலையும் கோட்டை மதிலும் பஜாரின் ஓட்டுக் கூரைகளும் ஒரே பார்வையில் தெரிந்தன. அவளுக்கு இறங்கவே மனம் வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே போஸ்டர் ஒட்டினாள். தங்கராசு கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஏதேதோ பேசினார்கள்.

"தங்கராசு, வூட்டுக்காரிய மேல ஏத்திட்டு நீ கீழ நிக்கிறியே, வெக்கமா இல்ல?"

"எனக்கு மேல ஏறுனாத்தான் வெக்கம்," என்றான் தங்கராசு. "எல்லாரு எதிர்லயும் அழுதுடுவேன்."

பேசியவர்களே சிரித்துவிட்டார்கள். செவலை வந்தது, சுவரை அண்ணாந்து பார்த்தது, சிறிது நேரம் நின்றது, பிறகு வேறு பக்கம் போய்விட்டது. படம் மாறுகிறவரை போஸ்டர் முழுசாக இருந்தது. மேனேஜர் இராமச்சந்திரன் முதலில் தயங்கினார், பிறகு ஒத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலையில் ஏணியில் ஒரு பெண் நிற்பது கொஞ்ச நாளில் செஞ்சிக்குப் பழகிப்போயிற்று.

மாவுக்கும் ஒரு வழி பிறந்தது. கனகராஜின் வேட்டி விறைப்பாக நிற்பதைப் பார்த்து மற்றக் கடைக்காரர்கள் கேட்டார்கள். சலவைக்காரர்கள் கேட்டார்கள். கனகராஜ் அதைப் பொட்டலம் கட்டிக் கடையில் வைத்தார். அரிசிக் கஞ்சி கிடைக்காத நாட்கள் என்பதால் அது நன்றாக ஓடியது. நாகம்மாள் கசப்புச் செடியின் தண்டுகளைத் தூக்கிப் போடாமல், நறுக்கி, மர வரிசையையொட்டித் தனியாக நட்டாள். மாவு அதில்தான் கூடுதலாகக் கிடைத்தது. இன்னொரு லாபமும் இருந்தது. நல்ல கிழங்கைத் தோண்டித் தின்ன வருகிற பெருச்சாளி அந்த வரிசைப் பக்கமே வரவில்லை. தின்கிற கிழங்கு உள்ளே, மாவுக் கிழங்கு ஓரத்தில் என்று அவள் வைத்துக்கொண்டாள். இரண்டையும் இலையைப் பார்த்து வெளியாளால் பிரித்தறிய முடியாது. அவளுக்கே நட்ட இடத்தை வைத்துத்தான் தெரியும்.

அறுபத்தாறாம் வருஷக் கடைசியில் ஒரு காலை அவள் கொல்லைக்குப் போனபோது ஓர வரிசையில் ஒரு பள்ளம் இருந்தது. செடி சாய்ந்து கிடந்தது. கிழங்கு இல்லை. பெருச்சாளி தோண்டிய பள்ளம் அல்ல. மண்வெட்டி பட்ட அடையாளம் இருந்தது.

நாகம்மாள் அந்த இடத்திலேயே கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். திருட்டுப் போனதைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. கொல்லைக்குப் பக்கத்தில் இருந்த காலனிக்குள் நுழைந்ததும் தெருவின் நடுவில் நின்று குரலெடுத்துச் சொன்னாள்.

"எங்க கொல்லை ஓரத்துல யாராவது கெழங்கு எடுத்திருந்தா திங்காதீங்க. அது கசப்புக் கெழங்கு. விஷம். எடுத்ததப் பத்தி நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். கொழந்தைங்களுக்குக் குடுத்துடாதீங்க."

யாரும் வெளியே வரவில்லை. ஒவ்வொரு வாசலாகப் போய் அதையே சொன்னாள். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தெருவின் கடைசிக்கு அவள் வந்தபோது தனகோட்டியின் வீட்டுக் கதவு திறந்தது. தனகோட்டியின் புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்ப் பல மாதமாகத் தகவல் இல்லை. அவள் ஆவி பறக்கும் சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு வந்து, தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அதைச் சாக்கடை ஓரத்தில் கவிழ்த்தாள். மஞ்சள் போட்டு வேகவைத்த கிழங்குத் துண்டுகள் உருண்டன.

"யாராவது தின்னாங்களா?" என்று கேட்டாள் நாகம்மாள்.

தனகோட்டி இல்லை என்று தலையசைத்தாள். "இப்பதான் வெந்துச்சி. பசங்களுக்கு எடுத்து வெக்கப் போனேன். உன் கொரலு கேட்டுச்சி."

தனகோட்டி நிமிரவில்லை. இந்தக் கதவைத் திறக்க அவளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று நாகம்மாளுக்குப் புரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கொட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் வேறு யார் கையிலாவது அந்தக் கிழங்கு இருக்கிறதோ என்று நாகம்மாள் நாள் முழுக்க அலைந்திருப்பாள்.

"சட்டியக் குடு," என்றாள். வாங்கிக் கழுவி, அதைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குத் திரும்பினாள். உள் வரிசையில் ஒரு நல்ல செடியைப் பிடுங்கி, கிழங்கைச் சட்டி நிறைய நறுக்கிப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். "கேட்டிருந்தா நானே புடுங்கிக் குடுத்திருப்பேன்ல. தோலு சீவிட்டு வேக வெய்யி. தண்ணிய வடிச்சிடு."

அன்று சாயங்காலம் அவள் தங்கராசுவிடம் சொன்னாள். "ஏய்யா, கசப்புச் செடி அத்தனையும் புடுங்கிடலாம்."

தங்கராசுவுக்கு மனம் ஒப்பவில்லை. "தேர்தல் வருது நாகு. ரெண்டு கட்சிக்காரனும் பசை கேப்பான். வேட்டிக்குக் கஞ்சி மாவும் போவும். இன்னும் ஒரு வருசம் வெச்சிப்போம். ஊர்ல எல்லாருக்கும்தான் சொல்லிட்டியே."

"ஊர்ல இருக்கறவங்களுக்குச் சொல்லிட்டேன். அமாவாசைக்கு மலையனூர் போற வழியில நடந்து போறவன் பசியில தோண்டுனா? அவனுக்கு யாரு சொல்லுவா?"

தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற நாள் அவனுக்கும் மறந்திருக்காது.

இருவரும் சேர்ந்து ஓர வரிசை முழுவதையும் பிடுங்கினார்கள். துருவுவதற்குத் தனகோட்டியைக் கூலிக்குக் கூப்பிட்டாள் நாகம்மாள். தனகோட்டியின் கை வேகம் பார்த்து அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. விஷத் தண்ணீரை ஆடு மாடு போகாத பாறைப் பள்ளத்தில் கொட்டினார்கள். மாவைக் கழுவிக் கழுவித் தெளியவைத்துப் பாறைமேல் பாய் விரித்துக் காயவைத்தார்கள். தண்டுகள் ஒன்றுவிடாமல் அடுப்புக்குப் போயின. ஒரு கணுவைக்கூட அவள் மிச்சம் வைக்கவில்லை.

அத்தனை மாவும் அறுபத்தேழு தேர்தலில் தீர்ந்துபோயிற்று. காலையில் ஒரு கட்சிக்காரன் வாளியோடு வந்தால் மதியம் மற்றவன் வந்தான். இருவருக்கும் ஒரே குண்டானிலிருந்துதான் பசை போயிற்று. மேடையில் எதிரும் புதிருமாகப் பேசியவர்களின் சட்டைகளும் ஒரே மாவில்தான் விறைத்து நின்றன. உயரத்தில் ஒட்ட வேண்டிய இடங்களுக்கு மட்டும் நாகம்மாளையே கூப்பிட்டார்கள். அவள் எந்தச் சின்னத்தையும் கோணலாக ஒட்டவில்லை.

தேர்தல் முடிந்த பிறகு நல்ல கிழங்கிலேயே மாவு எடுத்தாள். முன்பளவு வரவில்லை. அதனால் கனகராஜ் கடையில் பொட்டலம் சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. காட்டு மரவள்ளி மரங்களை வெட்டச் சொல்லிச் சிலர் சொன்னார்கள். அவள் வெட்டவில்லை. மழைக்குப் பிறகு அந்த வரிசையோரம் நடந்து, தானாக முளைத்த கன்றுகளைக் கிள்ளி எறிவதோடு சரி. தனகோட்டி கொல்லையில் பாதி வேலையைப் பார்த்துக்கொண்டாள். அவள் புருஷன் ஒருநாள் கையில் ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தான்.

போஸ்டர் வேலை நாகம்மாளிடம் வந்துவிட்டதால் கிழங்குக் கூடை தங்கராசுவிடம் போயிற்று. அவன் அதற்கென்றே பிறந்தவன் மாதிரி இருந்தான். பஸ்ஸில் இருப்பவர்களோடு பேச்சுக் கொடுத்தே விற்றுவிடுவான். தான் தின்னாத கிழங்கை இவ்வளவு ஆசை காட்டி விற்கிறானே என்று நாகம்மாள் கேலி செய்வாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் கடைசிப் போஸ்டரை ஒட்டிவிட்டு, ஏணியை டீக்கடைச் சுவரில் சாத்திவிட்டு, பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தாள். நல்ல பசி. தங்கராசு ஒரு வாழை இலைத் துண்டில் கிழங்கை எடுத்து வைத்தான்.

"சாப்டியா?" என்றான்.

"எங்க சாப்டறது. இப்பதான் எறங்குனேன்."

அவள் ஒரு துண்டை வாயில் போட்டாள். "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குது."

"காலையிலேருந்து அத்தன பேரு தின்னாங்க. ஒருத்தரும் சொல்லல."

"அவங்க காசு குடுத்துத் தின்னாங்க. எப்பிடிச் சொல்லுவாங்க?" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டை எடுத்தாள். திண்டிவனம் பஸ் வந்து நின்றது. தங்கராசு கூடையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடினான். நாகம்மாள் நிழலில் உட்கார்ந்து இலையில் இருந்ததை நிதானமாகத் தின்று முடித்தாள்.